பிராம்ப்டனுக்கு டைனமோ லைட்: ஹப்பா, பாட்டிலா?

குரோய்டன் கார்த்தி

வணக்கம் மக்களே. பழைய பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் (எம்6எல் மாடல்) ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து ஈஸ்ட் குரோய்டன் ஸ்டேஷன் வரை சைக்கிள், அப்புறம் ரயில், லண்டன் பிரிட்ஜில் இறங்கி மறுபடி சைக்கிள். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு.

இப்போது மாட்டியிருப்பது யு.எஸ்.பி. சார்ஜ் லைட். சார்ஜ் போட மறந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது. ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பதால் மடிக்கும்போது எங்காவது இடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பையில் போட வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம், முன்னால் பை மாட்டினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் பையின் முதுகில் விழுகிறது.

டைனமோ போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். 16 இஞ்ச் சக்கரத்துக்கு ஹப் டைனமோ, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்திலேயே உள்ள டைனமோ, சரிப்படுமா? சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றுமே, லைட் எரிந்துபோகாதா? பின் லைட்டுக்கு வயரை மடிப்பு வழியாக எப்படிக் கொண்டுபோவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டூபிங்கன் செல்வம்

கார்த்தி, கேட்லாக்கைப் பார்க்கும் முன் ஸ்கேலை எடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவில் உள்ளகலம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். சாதாரண சைக்கிளில் 100 மி.மீ. பிராம்ப்டனிலும் டாஹன் மடக்கு வண்டிகள் பலவற்றிலும் 74 மி.மீ. தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஷிமானோ ஹப் டைனமோக்கள் 100-க்குச் செய்தவை, உங்கள் ஃபோர்க்கில் நுழையாது. ஃபோர்க்கை விரித்து நுழைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 26 மி.மீ. விரிக்கப்பட்ட ஃபோர்க்கை நம்பி நான் ஏற மாட்டேன்.

74-க்கு என்று செய்பவர்கள் சிலர்தான். நான் இருக்கும் ஜெர்மன் ஊரிலேயே ஷ்மிட் கம்பெனியின் சோன் ஹப் செய்கிறார்கள், விலை கண்ணைக் கட்டும். தைவானின் ஷட்டர் ப்ரிசிஷன் 74 மி.மீ.யில் 28 கம்பித் துளை உள்ள ஹப் செய்கிறது, அது அதைவிட மலிவு. பிராம்ப்டன் கம்பெனியே ஒரு காலத்தில் டைனமோ பொருத்திய வண்டிகளை விற்றது, அந்தப் பழைய சக்கரம் எங்காவது கிடைத்தால் கொத்திக்கொள்ளுங்கள்.

வேகமாகச் சுற்றுவது பற்றி: அது உங்களுக்குச் சாதகம். ஹப் டைனமோவுக்கு ரோட்டில் என்ன வேகம் என்று தெரியாது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் தெரியும். ஜெர்மன் விதி 15 கி.மீ. வேகத்தில் 6 வோல்ட், 3 வாட் கேட்கிறது. அந்த வேகத்தில் 28 இஞ்ச் சக்கரம் நிமிடத்துக்கு 119 சுற்றுக்குப் பக்கம் வரும். உங்கள் 349 மி.மீ. ரிம்மில் 35 மி.மீ. டயர் போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 1.32 மீட்டர், அதே வேகத்தில் 189 சுற்று. ஒன்றரை மடங்குக்கும் மேல். அதாவது பெரிய சக்கரம் 15-ல் கொடுப்பதை உங்கள் சக்கரம் ஒன்பதரையிலேயே கொடுத்துவிடும்.

அதனால் சின்னச் சக்கரத்துக்குக் குறைந்த திறன் ஹப்பே போதும். சோனின் டெலுக்ஸ் ஹப் முதலில் 20ஆர் என்ற பெயரில் சின்னச் சக்கரங்களுக்காக வந்ததுதான். பிறகு எல்.இ.டி. லைட்டுகள் வந்து குறைந்த கரண்டிலேயே நன்றாக எரிய ஆரம்பித்ததும், அதையே பெரிய சக்கரத்திலும் போட்டுக்கொண்டார்கள்.

சிங்கை மடக்கு

ஏன் இவ்வளவு பாடு? ஹப், ஹெட்லைட், பின் லைட், சக்கரம் கோர்க்கும் கூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்கு நாலு நல்ல யு.எஸ்.பி. லைட் வாங்கி ஒன்றை ஆபீஸ் டிராயரிலேயே போட்டு வைக்கலாம். நான் 20 இஞ்ச் டாஹன் ஓட்டுகிறேன், எங்கள் ஊர் எம்.ஆர்.டி. ரயிலில் ஏற்ற 120க்கு 70க்கு 40 செ.மீ.க்குள் மடங்க வேண்டும், அதற்கு மேல் வண்டியில் எதையும் தொங்கவிட எனக்கு மனமில்லை.

டூபிங்கன் செல்வம்

உங்கள் ஊரில் வருஷம் முழுக்க ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, மடக்கு. லண்டன் டிசம்பரை அதோடு ஒப்பிட முடியாது. ஜெர்மனியில் 2013 வரை 11 கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளுக்கு டைனமோ கட்டாயமாகவே இருந்தது. இப்போது பேட்டரி லைட்டும் செல்லும், ஆனாலும் தினமும் ஓட்டுகிறவர்கள் பலர் டைனமோவை விடவில்லை. வண்டியை எடுத்தால் லைட் எரிகிறது, நினைவு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

யாழ் மகன்

தம்பி கார்த்தி, எல்லாரும் ஹப் ஹப் எண்டு சொல்லுகினம். பழைய போத்தில் டைனமோவை ஏன் மறந்துவிட்டீர்கள்? அது ரயரின் பக்கத்தில் உரசி ஓடுவது. ரயர் என்ன வேகத்தில் ஓடுதோ அதே வேகத்தில் டைனமோவின் சில்லும் ஓடும். வீல் 16 ஆக இருந்தால் என்ன, 28 ஆக இருந்தால் என்ன, அதற்கு வித்தியாசமே இல்லை. வீலைப் பிரித்துக் கோர்க்கவும் தேவையில்லை.

அந்த டைனமோவை நாங்கள் லைற்றுக்கு மட்டும் பாவிக்கவில்லை. 1990-க்குப் பிறகு போர் நடந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் போகும். சுத்துகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். டைனமோ தருவது ஏ.சி., அதை நாலு டயோட் வைத்து மாற்றி, ஒரு கப்பாசிற்றர் போட்டால்தான் ரேடியோ இரையாமல் பேசும். இதெல்லாம் பள்ளிக்கூடப் பெடியளுக்கே தெரிந்த வேலை.

வீல் பாலு, திருச்சி

யாழ் அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்க ஊர் பழைய காலம் ஞாபகம் வந்துவிட்டது. லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அதற்காகவே டைனமோ கட்டியவர்கள் உண்டு, எரியுதோ இல்லையோ.

வேலைக்கு வருவோம். ஹப் மாற்றினால் போக்ஸ் கம்பி எல்லாம் புதுசு. டைனமோ ஹப்பின் விளிம்பு பெரிசு, ரிம் சின்னது, அதனால் கம்பி நீளம் 150 மி.மீ.க்கும் குறைவாகத்தான் வரும். ரெடிமேடாக அந்த அளவு கிடைக்காவிட்டால் நீளக் கம்பியை வெட்டி மரை போட்டுத் தரும் மெஷின் உள்ள கடையைத் தேடுங்கள். கையால் டை வைத்து மரை போட்ட கம்பியை நான் முன்சக்கரத்தில் போட மாட்டேன்.

அடுத்தது, மூன்று குறுக்குப் போட்டு, அதாவது ஒரு கம்பி மற்ற மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டும்படி, கோர்க்கும் பழக்கம் இங்கே வேண்டாம். இவ்வளவு சின்ன ரிம்மில் அப்படிக் கோர்த்தால் கம்பி ரிம்முக்குச் சாய்ந்து வந்து ரிம்மில் அதை முடுக்கும் நிப்பிள் வாயிலேயே வளையும், கொஞ்ச நாளில் அங்கேதான் ஒடியும். 28 துளைக்கு ஒரே குறுக்கு போதும். குறுக்கே இல்லாமல் நேர்க்கம்பியாகக் கோர்ப்பதும் நல்லதில்லை, டைனமோ ஹப் விளிம்பை அது வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஹப்புக்கு என்ன சொல்லியிருக்கிறார்களோ அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

டூபிங்கன் செல்வம்

பாட்டில் டைனமோ பற்றி யாழ் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் மடக்கு வண்டியில் அதைப் பொருத்த நல்ல இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் டைனமோவின் அச்சு நேராகச் சக்கரத்தின் ஆக்ஸிலைப் பார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ரோலர் டயரைத் தேய்த்துத் தின்றுவிடும், சத்தமும் தாங்காது. சின்னச் சக்கரத்தில் வளைவு அதிகம் என்பதால் அந்தக் கோணத்தைப் பிடிப்பது இன்னும் சிரமம். டயரின் பக்கத்திலும் அதற்கென்று கோடு போட்ட தடம் வேண்டும். ஷ்வால்பே மாரத்தான் டயரில் இருக்கிறது, மெல்லிய ரேஸ் டயர்களில் இருக்காது.

முக்கியமாக, முன் ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டு மாட்டாதீர்கள். கிளாம்ப் நழுவினால் டைனமோ கம்பிகளுக்குள் போகும், சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மாட்டுவதானால் பின்சக்கரத்தில். மழையில் வழுக்கும் என்பதையும் லண்டன்காரருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குரோய்டன் கார்த்தி

அளந்துவிட்டேன், 74 தான். ரிம்மில் 28 துளை. அப்போது ஹப் என்றே முடிவு. ஆனால் என் பயம் இன்னும் போகவில்லை. ரயிலைப் பிடிக்க இறக்கத்தில் 35, 40 வேகத்தில் போவேன். அந்தச் சுற்றில் வோல்டேஜ் ஏறி லைட் போய்விடாதா? வயர் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

ஐந்தோவன் நிலா

கரண்ட் வேலை எனக்குப் பிடித்த பாடம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டைனமோவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ஓர் இண்டக்டர். வேகம் கூடினால் அதில் உண்டாகும் மின்னழுத்தம் கூடும். கூடவே அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் கூடும், அதிர்வெண் கூடினால் சுருள் தானே காட்டும் தடையும் கூடும். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கரண்ட் அரை ஆம்பியர் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் 20-ல் போனாலும் 40-ல் போனாலும் பெரிய மாற்றமில்லை. டைனமோவுக்கு என்று செய்த எல்.இ.டி. லைட் அந்த அரை ஆம்பியரை எதிர்பார்த்துச் செய்ததுதான், மேலதிக வோல்டேஜைத் தடுக்கும் பாதுகாப்பும் உள்ளே இருக்கும்.

லைட் போய்விடுமோ என்ற பயம் பழைய பல்பு காலத்தில் நியாயம். முன்னால் 2.4 வாட், பின்னால் 0.6 வாட், கூட்டினால் 3. முன் பல்பு ஃப்யூஸ் போனால் மொத்தக் கரண்டும் அந்தச் சின்னப் பின் பல்பு வழியாக ஓடும், அடுத்த நொடி அதுவும் போகும். அதனால்தான் அப்போது இரண்டும் சேர்ந்தே சாகும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. பேட்டரிக்குச் செய்த லைட்டை மட்டும் டைனமோவில் இணைத்துப் பார்க்காதீர்கள். லோடு இல்லாமல் வேகமாகச் சுற்றினால் ஹப்பில் பல பத்து வோல்ட் வரை ஏறும்.

சின்னச் சக்கரத்தில் இன்னொரு லாபமும் உண்டு, யாரும் சொல்லவில்லையே. பெரும்பாலான ஹப்பில் 26 அல்லது 28 காந்த முனைகள். 26 என்றால் ஒரு சுற்றுக்கு 13 அலை. ஆறு கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 28 இஞ்ச் சக்கரத்தில் நொடிக்குப் பத்து அலைதான், லைட் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். பிராம்ப்டனில் பதினாறு வரும். கூட்டத்தில் மெதுவாக உருட்டும்போது வித்தியாசம் புரியும்.

இனி வயர். கார்த்தி, முன் லைட்டுக்கு நீங்கள் கவலையே பட வேண்டாம். ஹப் ஃபோர்க்கின் அடியில், லைட் ஃபோர்க்கின் தலையில் பிரேக் போல்ட்டோடு. இரண்டும் ஒரே ஃபோர்க்கில் சேர்ந்தே திரும்புகின்றன, நடுவில் மடிப்பே கிடையாது. ஃபோர்க் காலை ஒட்டி ஒரு சாண் வயர், அவ்வளவுதான்.

பின் லைட்தான் வேலை வாங்கும். ஹெட்லைட்டின் பின்புற முனையிலிருந்து கிளம்பி, பிரேக், கியர் கேபிள்களோடு சேர்ந்து நடு மடிப்பைத் தாண்டி, மெயின் ட்யூப் வழியாகப் போய், பின் ஃப்ரேம் சுழலும் இடத்தையும் தாண்டி, மட்கார்டுக்கு வர வேண்டும். பல இழைகள் கொண்ட மெல்லிய, சிலிக்கான் உறை போட்ட இரட்டை வயர் வாங்குங்கள். ஒற்றைக் கம்பி வயர் மடிப்பில் சீக்கிரமே உள்ளுக்குள் ஒடியும், வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஏற்கெனவே கேபிள்கள் வளைந்து போகும் வளைவு எதுவோ, அதே வளைவை வயருக்கும் கொடுங்கள், தனி வழி தேடாதீர்கள். மடிப்புக்கு நேர் மேலே ஜிப் டை போட்டு இறுக்கவே கூடாது, இரண்டு பக்கமும் ஒரு விரல் தள்ளி லூசாகக் கட்டுங்கள். கட்டிய பிறகு விரித்த நிலையில் ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள், அப்புறம் பின்சக்கரத்தை மட்டும் மடித்து, அப்புறம் முழுவதும் மடித்துப் பாருங்கள். எந்த நிலையிலும் வயர் விறைக்கக் கூடாது. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் மிச்ச வயரை வெட்ட வேண்டும்.

எர்த்துக்கு ஃப்ரேமை நம்பாதீர்கள். பழைய ராலே சைக்கிளில் ஒரே வயர் ஓடும், திரும்பும் வழி ஃப்ரேம். பெயிண்டும் மடிப்பும் பிளாஸ்டிக் வாஷரும் உள்ள மடக்கு வண்டியில் அந்த வழி இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. இரண்டு வயரையும் முழு நீளத்துக்கு இழுங்கள். இன்னொன்று, சில ஹப்களில் ஒரு முனை ஆக்ஸிலோடு சேர்ந்திருக்கும், சில ஹெட்லைட்டில் ஒரு முனை உலோகத் தாங்கியோடு சேர்ந்திருக்கும். இரண்டையும் மாற்றி இணைத்தால் ஃபோர்க் வழியாக ஷார்ட் ஆகும். எந்த லைட்டும் ஒளிராது. பதறாதீர்கள், அரை ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எதுவும் கெடவும் கெடாது. முனைகளை மாற்றிப் போட்டால் போதும்.

யாழ் மகன்

நிலா பிள்ளை சொன்ன இந்தக் கடைசி விஷயத்தைப் பொன்னெழுத்தில் எழுதி வைக்கலாம். டைனமோ பழுது எண்டு எறிகிற அரைவாசிப் பேர் எர்த்தைப் பார்க்கிறதே இல்லை.

சிங்கை மடக்கு

இவ்வளவு படித்த பிறகு ஒரு சமாதானம் சொல்கிறேன். முன்னால் டைனமோ, பின்னால் பேட்டரி. பின் லைட் குடிக்கும் கரண்ட் கொஞ்சம்தான், சார்ஜ் ரொம்ப நாள் வரும். மடிப்பு வழியாக வயர் இழுக்கும் தலைவலியே இல்லை.

டூபிங்கன் செல்வம்

எனக்கு உடன்பாடில்லை. அணைந்துபோனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாத ஒரே லைட் பின் லைட்தான். மறக்கக் கூடாதது அதுவே, அதைப் போய் பேட்டரிக்கு விடுவதா?

ஐந்தோவன் நிலா

நான் மடக்கு பக்கம். வயரை அரைகுறையாக இழுத்து மழையில் விட்டுவிட்டுப் போகும் பின் லைட்டை விட, மட்கார்டில் நிரந்தரமாகத் திருகிய பேட்டரி லைட் மேல். சால்டரிங்கும் ஹீட் ஷ்ரிங்க்கும் கைவந்தவர்கள் தாராளமாக இழுக்கலாம். கை நடுங்குபவர்கள் முன்னோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குரோய்டன் கார்த்தி

சால்டரிங் வரும், இழுத்துப் பார்க்கிறேன். எந்த ஹெட்லைட் வாங்கலாம்? அவ்வளவு கீழே வைத்தால் வெளிச்சம் போதுமா?

டூபிங்கன் செல்வம்

புஷ் அண்ட் முல்லர் கம்பெனியின் ஐக் (Eyc) சின்னது, வெளிச்சம் 50 லக்ஸ், பிராம்ப்டன்காரர்கள் நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். ஐக்யூ-எக்ஸ் 100 லக்ஸ், அது கொஞ்சம் பருமன், மடித்தால் இடிக்கிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லைட்டின் மேல் அலைக்கோடும் கே என்ற எழுத்தும் எண்ணும் இருந்தால் ஜெர்மன் அங்கீகாரம் பெற்றது. அந்த லைட்டின் வெளிச்சம் மேல்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும், எதிரே வருபவர் கண்ணைக் குத்தாது.

உயரம் பிரச்சினை இல்லை. எங்கள் விதியில் குறைந்தது 40 செ.மீ. இருந்தால் போதும், ஃபோர்க் தலையில் வைத்தால் வந்துவிடும். பைக்கு அடியில் இருப்பதால் உங்கள் முதல் தொல்லையும் தீர்ந்தது. கீழிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். சின்னச் சக்கரக்காரருக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரிவது நல்லதுதான். சாய்வை மட்டும் பொறுமையாகச் சரிசெய்யுங்கள், ஒரு டிகிரி மாறினாலும் வெளிச்சம் எங்கேயோ போய்விழும். நிறுத்தினாலும் சில நிமிடம் எரியும் ஸ்டாண்ட் லைட் உள்ளதாக வாங்குங்கள், சிக்னலில் நிற்கும்போது தேவை.

வீல் பாலு, திருச்சி

கோர்த்து முடித்ததும் ஒன்று கவனியுங்கள். பிராம்ப்டன் முன் ஆக்ஸிலில் நட்டுக்கு அடியில் கொக்கி வைத்த வாஷர் இருக்கும். நட்டு லூசானாலும் சக்கரம் கழன்று விழாமல் பிடிப்பது அதுதான். டைனமோ ஹப் போடும்போது அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கனெக்டர் எந்தப் பக்கம் வருகிறது, மடிக்கும்போது அந்தப் பக்கம் எதிலாவது மோதுகிறதா என்று வெறும் ஹப்பை ஃபோர்க்கில் வைத்து முதலில் பாருங்கள். கோர்த்த பிறகு திருப்ப வேண்டியிருந்தால் டயர் திசை, வயர் எல்லாம் மாறும்.

குரோய்டன் கார்த்தி

வேலை முடிந்தது. ஷட்டர் ப்ரிசிஷன் ஹப், ஐக் லைட், பின்னால் மட்கார்டில் திருகிய டைனமோ லைட். சக்கரத்தைத் தெரிந்த கடையில் ஒரு குறுக்குப் போட்டுக் கோர்த்துக் கொடுத்தார்கள், கோட்டம் இல்லை. ரயில்வே பாலத்தடியில் பையோடு போனேன், ரோடு முழுக்க வெளிச்சம். பெடலில் பாரம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தைக் கையில் பிடித்து ஆக்ஸிலைத் திருகினால்தான் காந்தம் கடகடவென்று இழுப்பது தெரிகிறது.

ஒரு சந்தேகம். மடித்து விரித்த பிறகு சில சமயம் பின் லைட் எரிவதில்லை, வயரைத் தொட்டால் எரிகிறது.

ஐந்தோவன் நிலா

கையில் பிடித்துத் திருகும்போது தெரியும் அந்த இழுப்பு ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. காந்தம் இழுத்துப் பிடிப்பதும் தள்ளிவிடுவதும் மாறி மாறி வந்து பெரும்பாலும் கழிந்துவிடும். லைட் எரியும்போது 3 வாட்டுக்கு உங்கள் காலிலிருந்து அஞ்சு வாட் போகும் என்று வையுங்கள்.

பின் லைட்டுக்கு: ஹெட்லைட்டின் பின்புறம் உள்ள 2.8 மி.மீ. தட்டை முனைகளைப் பாருங்கள். சில ஹப்களுக்குப் போடும் பெரிய கனெக்டர் இதில் லூசாக உட்காரும். அது சரியாக இருந்தால் மல்டிமீட்டரில் கண்டின்யுட்டி வைத்து, வயரின் இரு நுனியையும் பிடித்துக்கொண்டு மெதுவாக மடியுங்கள். பீப் சத்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அங்கேதான் ஒடிந்திருக்கிறது அல்லது இழுபடுகிறது. பெரும்பாலும் பின் ஃப்ரேம் சுழலும் இடமாக இருக்கும், நடு மடிப்பாக இருக்காது.

குரோய்டன் கார்த்தி

பின் ஃப்ரேம்தான் அக்கா. அங்கே கட்டிய ஜிப் டை இறுக்கம். வெட்டிவிட்டு லூசாகக் கட்டினேன், எரிகிறது.

சிங்கை மடக்கு

சரி, மனசு மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் டாஹனும் 74 தான். அதே ஹப்பை நானும் வாங்கிவிடலாமா?

வீல் பாலு, திருச்சி

முதலில் ரிம்மில் துளை எண்ணுங்கள் தம்பி. டாஹன் முன்சக்கரம் நிறைய 20 துளையில் வரும், அதில் 28 துளை ஹப் கோர்க்க முடியாது. 20 துளை ஹப் கிடைத்தால் சரி, இல்லையென்றால் 20 இஞ்ச் டாஹனுக்கான 406 மி.மீ. ரிம் 28 துளையில் புதுசாக வாங்க வேண்டும். எண்ணிவிட்டு இங்கேயே போடுங்கள், கம்பி நீளம் கணக்குப் போட்டுத் தருகிறேன்.